‘சொந்த வீடு வாங்கி நாய் வளர்’ என்போருக்கு ஒரு மறுப்பு

சென்னையில் முதல்முறையாகத் தனிவீடு பார்த்துக் குடிபோக நினைப்பவரிடம் ஒரு நாயோ பூனையோ இருந்துவிட்டால், பேச்சு பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வரும் புரோக்கர், “நாய் இருக்கா? அப்ப ஓனர் ஒத்துக்க மாட்டார் சார்” என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார். இது சரியா என்று கேட்டால், வாடகைக்கு இருப்பவர்களே பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “அவங்க வீடு, அவங்க இஷ்டம். நாய் வளர்க்கணும்னா சொந்த வீடு வாங்கிட்டு வளர்த்துக்கணும்.” இந்தப் பதில் நியாயமாகவும் நடைமுறை அறிந்ததாகவும் ஒலிக்கிறது. அது நியாயமும் இல்லை, நடைமுறைக்கு உதவுவதும் இல்லை என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் வெறும் வெறுப்பு மட்டும் இல்லை. இந்த ஊரில் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் பெரும் பணக்காரர்கள் அல்லர். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மாதச் செலவை ஓட்டும் முதியவர்கள் இருக்கிறார்கள். கதவைப் பிறாண்டிவிட்டால் யார் செய்து தருவது, படிக்கட்டில் பேரக்குழந்தையைக் கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்பவை அவர்களுக்கு உண்மையான கவலைகள். இரவில் நாய் குரைத்தால் பக்கத்து வீட்டார் வந்து சத்தம் போடுவது குடித்தனக்காரரிடம் அல்ல, ஓனரிடம். காலி செய்த பிறகும் வாடை போகாமல் அடுத்த ஆள் வராமல் போய்விட்டால் நஷ்டமும் அவருக்குத்தான். இத்தனை தொல்லைக்கும் ஆளாவதைவிட, முதலிலேயே ‘வேண்டாம்’ என்று முடித்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லையா? இதுதான் அந்தத் தரப்பின் வலுவான வடிவம். இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நாய் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்ற உணர்ச்சி வாதம் இங்கே உதவாது. ஒருவருடைய பாசம் இன்னொருவர் மீது கடமை ஆகாது.

ஒன்று: ‘என் வீடு, என் இஷ்டம்’ என்பது எவ்வளவு தூரம் செல்லும்? தான் குடியிருக்கும் வீட்டில் யாரைச் சேர்ப்பது என்பது ஒருவரின் சொந்த விஷயம். வாடகை வாங்கிக்கொண்டு பிறர் குடியிருக்க விடும்போது அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது, கொடுக்கல் வாங்கலுக்கு விதிகள் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இந்த ‘இஷ்ட’த்தைப் பல இடங்களில் ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. வாடகை தகராறு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. குடியிருப்பவரின் வீட்டுக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நுழையக் கூடாது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இவற்றை யாரும் சொத்துரிமையைப் பறிப்பதாகக் கருதுவதில்லை. ஆக, ஓனரின் உரிமைக்கு எல்லை போடலாமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துபோனது. எங்கே போடுவது என்பதுதான் மீதி. வீட்டுப் பிராணி பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு, பேச்சுக்கே இடமில்லாத முழுத்தடை ஊர் வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லாத மறுப்பு, வெளியே சொல்ல முடியாத காரணங்களுக்குத் திரையாகிவிடும். தனியாக வாழும் பெண்ணுக்கும், இஸ்லாமியருக்கும், கறி சமைப்பவருக்கும், கல்யாணம் ஆகாத இளைஞருக்கும் வீடு மறுக்கும் ஊர் இது. “நாய்க்குக் கறி வேகவைப்பீங்களே” என்று ஆரம்பிக்கிற ஓனரின் ஆட்சேபம் நாயைப் பற்றியதா, சமையலைப் பற்றியதா, சமைப்பவரின் சாதியைப் பற்றியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாய் வைத்திருப்பவரை மறுக்கும் ஒவ்வொருவரும் இப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லவைக்கும் விதி இருந்தால் நேர்மையான ஓனருக்கு ஒரு இழப்பும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு: சேதத்துக்குப் பயப்படுகிறீர்களா, அதற்குத்தான் அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். சட்டம் மூன்று மாதம் என்றாலும், அதைத் தாண்டி ஐந்து மாதம், பத்து மாதம் வாங்குவது இங்கே பழகிப்போன ஒன்று. மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றால், சட்டம் சொல்லும் அளவுக்கே 60,000 ரூபாய் ஓனர் கையில் வட்டியில்லாமல் இருக்கிறது. பிறாண்டிய கதவுக்குப் பாலிஷ் போடவும், ஒரு கொசுவலைச் சட்டத்தை மாற்றவும், வீட்டை ஒருமுறை ஆள்வைத்துக் கழுவிவிடவும் அது தாராளமாகப் போதும். நாய் இல்லாத குடும்பம் காலி செய்யும்போதும் பெயின்ட் அடிக்கும் கூலி என்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. குடித்தனக்காரர் செய்த சேதத்தை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சட்டமும் இடம் கொடுக்கிறது. அதற்கும் மேலே போனால், அறிவிப்பு கொடுத்த பிறகும் வீட்டைச் சேதப்படுத்துவதும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுப்பதும் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களாகவே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. கையில் பணம் இருக்கிறது, போக வாடகை நீதிமன்றம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், இன்னும் நடக்காத சேதத்துக்காக ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. சுவரில் கிறுக்கும் மூன்று வயதுக் குழந்தையோடு வருபவரிடம், ‘குழந்தைக்கு ஏழு வயதான பிறகு வாருங்கள்’ என்று நாம் சொல்வதில்லை.

மூன்று: இந்தத் தடை உண்மையில் யாரை வடிகட்டுகிறது? இந்த இடத்தில்தான் முழுத்தடை தன் காலைத் தானே வாரிவிடுகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீடு தேடுபவர்களில் இரண்டு பேர் நாய் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் முதல் போனிலேயே உண்மையைச் சொல்கிறார். தடுப்பூசி அட்டை இருக்கிறது, கருத்தடை செய்தாயிற்று, வந்து பாருங்கள் என்கிறார். இன்னொருவர் நாயைப் பற்றி மூச்சே விடாமல் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து இரவோடு இரவாக நாயைக் கொண்டுவருகிறார். முழுத்தடை முதலாமவரைத் தள்ளிவிட்டு இரண்டாமவரை உள்ளே விடுகிறது. அதாவது, ஓனர் யாரை நம்பி வீட்டை ஒப்படைக்கலாமோ அவரை இழந்து, யாரைப் பார்த்துப் பயந்தாரோ அவரையே தேடிக் குடிவைக்கும் ஏற்பாடு இது.

விளைவு அதோடு நிற்பதில்லை. மறைத்து வளர்க்கப்படும் நாய்க்கு உரிமம் எடுக்க முடியாது. சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு முகவரிச் சான்று வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழ் வேண்டும். இப்போது மைக்ரோசிப் பொருத்துவதும் சேர்ந்திருக்கிறது. எந்த முகவரியில் நாய் இருக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டாரோ அந்த முகவரியைக் கொடுத்து அவர் எப்படி விண்ணப்பிப்பார்? பகலில் வெளியே கூட்டிப்போனால் தெரிந்துவிடும் என்று நாயை உள்ளேயே வைத்திருப்பார். வெளியே போகாமல், ஓடியாடாமல் அடைந்து கிடக்கும் நாய்தான் கதவைப் பிறாண்டும், இடைவிடாமல் குரைக்கும், படிக்கட்டில் புது ஆளைக் கண்டால் மிரளும். ஓனர் எந்தெந்தத் தொல்லைக்குப் பயந்தாரோ அத்தனையையும் தடையே உண்டாக்கிக் கொடுக்கிறது. பிறகு அதையே ஆதாரமாகக் காட்டி, ‘பார்த்தீர்களா, இதற்குத்தான் நாய் வேண்டாம் என்றேன்’ என்கிறது.

நான்கு: கடித்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், கட்டவிழ்ந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நகரமே கொதித்தது நியாயம். ஆனால் அந்தச் சம்பவம் எதைக் காட்டுகிறது? பெரிய நாயைச் சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் பொது இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதை. வளர்ப்பவர் வாடகைக்காரரா சொந்த வீட்டுக்காரரா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சொந்த வீடு இருந்தால் நாய் சாதுவாகிவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘சொந்த வீடு வாங்கிட்டு வளர்த்துக்கோ’ என்ற வாதத்துக்குள் அந்த நம்பிக்கைதான் இருக்கிறது. பிராணியைக் கவனக்குறைவாக வைத்துப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவு வளர்ப்பவரின் பத்திரத்தைப் பார்ப்பதில்லை, நடத்தையைத்தான் பார்க்கிறது. வாடகைக்கு விடுகிறவரும் பார்க்க வேண்டியது அதைத்தான். மேலும், கடிக்குப் பயந்து போடப்பட்டதாகச் சொல்லப்படும் தடை, பன்னிரண்டு வயதான கிழ நாய்க்கும், வீட்டைவிட்டு வெளியே வராத பூனைக்கும் ஒரே மாதிரி பொருந்துவது ஏன்? காரணம் இல்லாத இடத்துக்கும் தடை போனால், அந்தக் காரணத்திலிருந்து தடை பிறக்கவில்லை என்று பொருள்.

ஐந்து: ‘சொந்த வீடு வாங்கிட்டு வளர்த்துக்கோ.’ மேலோட்டமாகப் பார்த்தால் அறிவுரை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு மறுப்பு. 60 லட்சம் ரூபாய்க்குப் புறநகரில் ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட வேண்டும் என்றால் 12 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். மீதி 48 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 41 ஆயிரத்தைத் தாண்டும். வேலைக்குச் சேர்ந்து முதல் வாடகை வீட்டைத் தேடுகிற இருபத்தைந்து வயதுக்காரரிடம் இதைச் செய்துவிட்டு வா என்று சொல்கிறோம். அவர் பத்து ஆண்டு சேமித்து வாங்கினாலும், இப்போது அவரிடம் இருக்கும் நாய் அதற்குள் பெரும்பாலும் தன் ஆயுளை முடித்திருக்கும். நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள்தான். அவர் ஏற்கெனவே ஒரு நாயோடு வருகிறவர் என்பதை இந்த அறிவுரை மறந்துவிடுகிறது. அப்பா அம்மா வீட்டில் வளர்ந்தது, கூட இருந்த நண்பர் விட்டுப்போனது, தெருவில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்து வைத்தியம் பார்த்தது என்று எத்தனையோ வழிகளில் அது அவரிடம் வந்திருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் ‘பிறகு வாங்கிக்கோ’ என்று சொல்லலாம். கையில் இருப்பதை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு நடைமுறையில் கிடைக்கும் பதில் கொடுமையானது. தெருவில் விட்டுவிடுவது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. வீடு கிடைக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் நஷ்டம், நாயைக் கைவிட்டால் ஐம்பது ரூபாய் என்ற தராசில் பலர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது ஊகிக்க முடியாததல்ல. மாநகராட்சி 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் மிகப் பல தெருவிலேயே பிறந்தவை. எல்லாப் பழியையும் வாடகைத் தடை மீது போடுவது பொய்யாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த ஒரு நாயைத் தெருவில் தள்ளும் ஒவ்வொரு மறுப்பும் அந்தக் கணக்கைக் கூட்டத்தான் செய்கிறது. தெருநாய்த் தொல்லை தாங்கவில்லை என்று மனுக் கொடுக்கும் அதே தெருவில், ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து ஊசி போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முன்வருபவருக்கு வீடு மறுக்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது.

‘ஓனர் ஒத்துக்கொண்டாலும் அபார்ட்மென்ட் அசோசியேஷன் விடாது’ என்கிறார்கள். அசோசியேஷனுக்கு அந்த அதிகாரம் இல்லை. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றம், குடியிருப்போர் சங்கங்களின் விதிகளில் இருக்கும் இப்படிப்பட்ட தடைகள் அரசியலமைப்புக்கு முரணானவை, செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக்கும் 51ஏ(ஜி) என்ற அரசியலமைப்புக் கூறை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, அந்தத் தீர்ப்பு வைத்திருந்தது. இவற்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வாரியத்தின் சுற்றறிக்கை வழிகாட்டுதல்தான். கேரளத் தீர்ப்பு சங்கங்களைப் பற்றியது, தனி ஓனரைப் பற்றியது அல்ல. ஆகவே இவற்றைக் காட்டி ஓனரிடம் வீடு கேட்டு வாங்க முடியாது. ஆனால் அசோசியேஷனைக் காரணம் காட்டி ஓனர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

‘இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்’ என்பது இன்னொரு ஆட்சேபம். ராஜபாளையமும் கன்னியும் சிப்பிப்பாறையும் கோம்பையும் பிறந்த மண்ணில் அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நாய் வளர்ப்பை அல்ல, தகராறு தீர்க்கும் முறையை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது இதுதான்: அச்சடித்த வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கும் பூனைக்கும் பொதுவாகத் தடை போடுவது செல்லாது, ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பு நலனையும், அக்கம்பக்கத்தாரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால் ஓனர் 28 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்கிறது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனைக்கு இருந்த பல்லாண்டுத் தடை 2024 செப்டம்பரில் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாயின. நெருக்கமான அடுக்குமாடி வாழ்க்கைக்குப் பெயர்போன ஊர் சிங்கப்பூர். அங்கேயே தடையைவிடப் பதிவு மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஓனரின் கையைக் கட்டிப்போடவில்லை, காரணத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

நியாயமான மறுப்பு என்று ஒன்று நிச்சயம் உண்டு. ஓனரே கீழ்வீட்டில் இருந்து, அவருக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ ஆஸ்துமா இருந்தால் மறுக்கலாம். ஒற்றை அறை வீட்டில் ஒரு கிரேட் டேனை வைக்க வருபவரை மறுக்கலாம். அது அந்த நாய்க்கே செய்யும் நன்மை. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பும் ஒருவர், நாயைப் பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டுப் போவேன் என்றால் கட்டாயம் மறுக்க வேண்டும். தடுப்பூசி அட்டை இல்லாதவரை மறுக்கலாம். வாடகைக்கு வருபவர்களின் பொறுப்பும் இங்கே குறைவானதல்ல. நடைக்குக் கூட்டிப்போகும்போது கழிவை எடுத்துப் போடாமல் வருகிற ஒவ்வொருவரும் அடுத்து வீடு தேடுபவரின் வழியை அடைக்கிறார். இந்த மறுப்புகள் எல்லாவற்றிலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை எதிரில் இருப்பவர் கேட்டு, பதில் சொல்லி, முடிந்தால் சரிசெய்ய முடியும். ‘நாய் இருந்தால் பேசவே வேண்டாம்’ என்பதற்கு அப்படி எந்தப் பதிலும் சொல்ல வழியில்லை.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. வீட்டுப் பிராணி இருப்பதை மட்டுமே காரணமாக்கி வாடகை மறுக்கக் கூடாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2017 சட்டத்தில் ஒரு பிரிவைத் தமிழ்நாடு அரசு சேர்க்கலாம். அதுவரை அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை: எந்தப் பிராணி, எத்தனை, ஆண்டுதோறும் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், பொது இடத்தில் சங்கிலி, சேதத்துக்கு முன்பணத்தில் கழிவு, மூன்று முறை எழுத்தில் புகார் வந்தால் காலி செய்வது. ஐந்தாறு வரிகள் போதும். முழுத்தடை தருவதாகச் சொல்லும் பாதுகாப்பைவிட இந்த வரிகள் தரும் பாதுகாப்பு அதிகம், ஏனென்றால் இவற்றை வாடகை நீதிமன்றத்தில் காட்ட முடியும்.

வீட்டை வாடகைக்கு விடப்போகும் ஒவ்வொருவரிடமும் கேட்பது இதுதான். அடுத்த முறை புரோக்கர் போன் செய்து “நாய் வச்சிருக்காங்க” என்று சொன்னால், போனை வைத்துவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள், உரிமத்தைக் கேளுங்கள், முன்பு குடியிருந்த வீட்டு ஓனரின் நம்பரை வாங்கி அவரிடம் பேசுங்கள், நாயையும் ஒருமுறை நேரில் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், ஏன் என்பதை அவரிடமே சொல்லுங்கள்.